பழைய ஜீப்பின் விலை: வருசநாட்டு மலையடியிலிருந்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

வாங்கிய மறுநாளிலிருந்தே விலை இறங்கத் தொடங்கும் பண்டம் மோட்டார் வண்டி. வணிகர்களும் வங்கியாளர்களும் ஒருசேர ஒப்புக்கொண்ட விதி இது. நம் நாட்டுக் காப்பீட்டுத் துறை இந்த இறக்கத்தைப் படிப்படியாக வகுத்தே வைத்திருக்கிறது. முதல் ஆறு மாதத்துக்குள் 5 விழுக்காடு, ஓராண்டுக்குள் 15, இரண்டாண்டுக்குள் 20, மூன்றாண்டுக்குள் 30, நான்காண்டுக்குள் 40, ஐந்தாண்டுக்குள் 50. அதற்கு மேல் அட்டவணை கிடையாது. காப்பீட்டாளரும் உடைமையாளரும் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஆண்டுக்கு 15 விழுக்காடு என்று தேய்மானம் கழித்துக்கொண்டே போனால், ஒரு லட்ச ரூபாய் வண்டி பத்தாண்டு கழித்து இருபதாயிரம் ரூபாய்கூடப் பெறாது.

தேனி மாவட்டத்தின் மலையடிவாரங்களில் இந்தப் படிக்கட்டு பாதியிலேயே நின்றுவிடுகிறது. மயிலாடும்பாறையை எடுத்துக்கொள்வோம். ஆண்டிபட்டி வட்டத்தில், மூல வைகை இறங்கிவரும் வருசநாட்டுப் பள்ளத்தாக்கில் உள்ள ஊர். நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் ‘கடமலை-மயிலை ஒன்றியம்’ என்று சுருக்கமாக வழங்கும் ஊராட்சி ஒன்றியத்தின் பெயரில் பாதி இவ்வூருடையது. மேற்கே மேகமலைத் தொடர். அதற்கும் அப்பால் கம்பம் பள்ளத்தாக்கு. ஆற்றை ஒட்டித் தென்னை, சரிவுகளில் இலவ மரம். தெற்கே வருசநாட்டைக் கடந்தால் தார்ச்சாலை மெலிந்து, அரசரடி, இந்திரா நகர், பொம்மராஜபுரம் போன்ற மலைக்கிராமங்களை நோக்கி மண்ணும் பாறையுமான பாதையாகிறது. ரேஷன் அரிசியும் இலவங்காய் மூட்டையும் பிரசவ வலி கண்ட பெண்ணும் அந்தப் பாதையில் போய்வர ஒரே வாகனம் ஜீப். ஜீப்பும் போக முடியாத இடத்தில் டோலி கட்டித் தூக்குகிறார்கள்.

இத்தகைய பகுதியில் பதினைந்து ஆண்டு, இருபது ஆண்டு ஓடிய ஜீப்பையும் பழைய இரும்பின் எடைக்கு யாரும் கேட்பதில்லை. அதற்கு ஓர் ‘ஓட்ட விலை’ உண்டு. அந்த விலையைத் தாங்கி நிற்பது எது என்று கேட்டுக்கொண்டு போனால் போர், தோட்டத்தொழில், அரசாங்கம், சட்டம் என்று பல கதவுகள் திறக்கின்றன.

போரின் மிச்சம்

ஜீப் பிறந்ததே விலையைப் பற்றிய கவலை இல்லாத சூழலில்தான். 1940-ஆம் ஆண்டு கோடையில் அமெரிக்க இராணுவம் 135 நிறுவனங்களுக்கு எழுதி, எடை குறைந்த, நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியொன்றைக் கேட்டது. பாண்டம் என்ற சிறு நிறுவனம் முதல் மாதிரியைச் செய்து காட்டியது. மொத்தமாகச் செய்து தந்தவை வில்லிஸும் ஃபோர்டும். 1945-க்குள் ஏறத்தாழ 6,40,000 ஜீப்புகள் வெளிவந்தன. போர் முடிந்ததும் இத்தனை வண்டிகளும் உலகெங்கும் உபரியாகின. ஜீப்பின் மறுவிற்பனை வரலாறு இங்கே தொடங்குகிறது எனலாம். அமெரிக்காவில் ‘ஐம்பது டாலருக்கு இராணுவ ஜீப்’ என்ற விளம்பரங்கள் பல தலைமுறைகளாக வந்துகொண்டிருந்தன; நம்பிப் பணம் அனுப்பியவர்களுக்கு ஜீப் வந்ததில்லை. மணிலாவிலோ அமெரிக்கர் விட்டுச்சென்ற ஜீப்புகளின் பின்புறத்தை நீட்டி, இருபுறமும் பலகை இருக்கை போட்டு, ‘ஜீப்னி’ என்ற பொதுப் போக்குவரத்தையே மக்கள் உண்டாக்கிக்கொண்டார்கள். நம் மலைப்பாதை ஜீப்புகளின் நீட்டிய பின்கட்டைப் பார்த்தவர்களுக்கு இந்தச் செய்தி புதிதாகத் தோன்றாது.

சுதந்திர இந்தியாவின் முதல் பெரிய ஊழல் குற்றச்சாட்டு எழுந்ததும் பழைய ஜீப்பை முன்னிட்டுத்தான் என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். 1948-இல், காஷ்மீர்ப் போர் நடந்துகொண்டிருந்தபோது, லண்டனில் இந்தியத் தூதராக இருந்த வி.கே. கிருஷ்ண மேனன் வழியாகச் செப்பனிடப்பட்ட பழைய ஜீப்புகளுக்கு ஒப்பந்தம் செய்யப்பட்டது. வந்து இறங்கியவை 155. அவையும் ஓட்டத்துக்கு உதவாதவை என்று புகார் எழுந்து நாடாளுமன்றம் வரை போயிற்று. 1955-இல் அரசு அந்த விவகாரத்தை முடித்துவைத்தது. பழைய ஜீப்பை வாங்குகிறவன் எதைப் பார்த்து வாங்குவது என்ற கேள்வி அன்றைக்கே ஒரு தேசத்தை வாட்டியிருக்கிறது.

உள்நாட்டில் ஜீப்பைப் பூட்டி விற்றது பம்பாய் மகிந்திரா நிறுவனம். 1945 அக்டோபர் 2 அன்று ‘மகிந்திரா அண்டு முகம்மது’ என்ற பெயரில் தொடங்கியது. கூட்டாளியான மாலிக் குலாம் முகம்மது பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சராகச் சென்றுவிட்டதால் 1948-இல் ‘மகிந்திரா அண்டு மகிந்திரா’ ஆயிற்று. 1940-களின் இறுதியில் பிரித்துக் கொண்டுவந்த வில்லிஸ் பாகங்களைப் பூட்டத் தொடங்கியவர்கள், 1950-களில் சி.ஜே.3பி என்ற மாதிரியை உரிமம் பெற்றுத் தயாரித்தார்கள். அமெரிக்காவில் 1968-உடன் நின்றுபோன அந்த வடிவம், சிறு சிறு மாற்றங்களோடு நம் நாட்டில் இருபத்தோராம் நூற்றாண்டு வரை நீடித்தது. இந்த நீட்சியை நாம் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மறுவிற்பனை விலையின் மர்மத்தில் பாதி இதற்குள்தான் இருக்கிறது.

ஏலமும் ஏலமும்

நம் பகுதிக்கு ஜீப் இரண்டு வழிகளில் வந்தது. இரண்டுக்கும் தமிழ் ஒரே சொல்லை வைத்திருப்பது ஒரு விநோதம்: ஏலம்.

முதலாவது ஏலம் மலைமேல் விளைவது. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என்ற மூன்று வாயில்கள் வழியாகக் கம்பம் பள்ளத்தாக்கு ஏலமலைகளோடு இணைகிறது. மலையின் மறுபக்கம் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். தோட்டங்கள் அங்கே, உழைக்கும் கைகளில் பெரும்பகுதி இங்கே. போடி, தேவாரம், உத்தமபாளையம், கம்பம் ஊர்களிலிருந்து விடிவதற்கு முன்பே பெண்கள் சோற்றுத்தூக்கோடு ஜீப்பில் ஏறி, உடும்பஞ்சோலை, நெடுங்கண்டம், வண்டன்மேடு தோட்டங்களுக்குப் போய் மாலையில் இறங்கும் வழக்கம் பல பத்தாண்டுகளாகத் தொடர்கிறது. பேருந்து தோட்ட வாசல் வரை போகாது, ஜீப் போகும். பறித்த ஏலக்காய் இறங்கி வந்து போடியிலும் வண்டன்மேட்டுக்கு அருகே புற்றடியிலும் ஏலத்துக்குப் போகிறது.

மலை ஏற இந்தப் பகுதி ஜீப்புக்காகக் காத்திருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1902-இல் மூணாறு குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளத்தில் காளைகள் இழுக்கும் வண்டி ஓடியது. 1908-இல் அது இரயிலாயிற்று. தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிப் பள்ளத்துக்கு இறங்கி, அங்கிருந்து மாட்டுவண்டியில் போடிக்கு வந்தன. 1924 வெள்ளம் அந்த இரயிலை அடித்துக்கொண்டு போயிற்று. மீண்டும் போடவில்லை. பாதை ஒன்றை நிலத்தில் பதித்துவிட்டால் அது அழியும்போது முதலீடும் சேர்ந்து அழிகிறது. ஜீப்போ பாதையைத் தன்னோடு சுமந்து திரிகிறது. ஒரு மலையில் வேலை நின்றால் இன்னொரு மலைக்குப் போய்விடும். விற்கத்தக்க பொருளாக அது நிலைப்பதற்கு இந்த இடம்பெயரும் தன்மை ஒரு முதற்காரணம்.

இரண்டாவது ஏலம் அரசாங்கத்தினுடையது. 1952 அக்டோபர் 2 அன்று சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பட்ட பிறகு, ஒவ்வொரு வட்டார வளர்ச்சி அலுவலகத்தின் முன்னும் ஒரு ஜீப் நிற்பது வழக்கமாயிற்று. போலீஸ் ஜீப், வனத்துறை ஜீப், பொதுப்பணித்துறை ஜீப், மலேரியா ஒழிப்பு ஜீப் என்று தமிழ்க் கிராமத்தின் நினைவில் அரசாங்கம் ஜீப்பில்தான் வந்து இறங்கியது. இவ்வண்டிகள் கழிக்கப்படும்போது பொது ஏலத்தில் விடப்பட்டன. புதிய வண்டிக்கு வழியில்லாத மலையடி ஊர்க்காரருக்கு இந்த ஏலமே நுழைவாயில். அதிகாரி இறங்கிய இடத்தில் கூலிக்காரர் ஏறினார். இருக்கை மாறியது, பின்கட்டு நீண்டது, வண்டிக்கு இரண்டாம் ஆயுள் தொடங்கியது. இராணுவம் கழித்த வண்டிகளும் இப்படியே வந்தன. ஜபல்பூர் ஆலையில் நிஸ்ஸான் வடிவத்தைத் தழுவிச் செய்யப்பட்ட ‘ஜோங்கா’ அவற்றுள் பேர்பெற்றது.

உரிமங்களும் ஒதுக்கீடுகளும் ஆண்ட அக்காலத்தில் பழையது மலிவு என்ற விதியே செல்லாக்காசாக இருந்தது. பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்ததையும், வாங்கிய அன்றே கூடுதல் விலைக்கு அதை விற்க முடிந்ததையும் மூத்த வாசகர்கள் அறிவார்கள். தட்டுப்பாடு தேய்மானத்தை வென்றுவிடும். அண்மைக் காலத்தில் இதை இலங்கை மறுபடியும் நிரூபித்தது. 2020-இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறக்கப்பட்டது; இடைப்பட்ட ஆண்டுகளில் அங்கே ஓடித் தேய்ந்த வண்டிகள் வாங்கிய விலையைக் காட்டிலும் மிகுதியாக விற்றன.

பல்லும் சேஸிஸும்

தட்டுப்பாடு தீர்ந்த பிறகும் ஜீப்பின் விலை ஏன் இறங்கவில்லை? இங்கேதான் இரும்பின் கதை வருகிறது.

மாடு வாங்குகிறவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பார். ஜீப் வாங்குகிறவர் குனிந்து சேஸிஸைப் பார்ப்பார். இரண்டு நீண்ட இரும்பு உத்தரங்களும் அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்களுமாக ஏணி போன்ற அடித்தளம் அது. உடல் அதன்மேல் தனியாக உட்கார்ந்திருக்கிறது. தகடு துருப்பிடித்தால் தகட்டை மட்டும் மாற்றலாம். கமான் பட்டை ஒடிந்தால் ஒடிந்த பட்டையை மட்டும் கழற்றிப் புதிது போடலாம். இஞ்சின் ஓய்ந்தால் வேறொன்றை இறக்கலாம். பெட்ரோலை விழுங்கும் பழைய இஞ்சின்களை எடுத்துவிட்டு டீசல் இஞ்சின் வைப்பது பட்டறைகளில் நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. 1980-களில் பெஜோ நிறுவனத்தின் 2.1 லிட்டர் டீசல் இஞ்சினோடு எம்.எம்.540 வந்தது, 1990-களில் நீண்ட உடல்கொண்ட கமாண்டர் பரவியது. கமாண்டர்களுள் பல பின்சக்கரங்கள் மட்டுமே இழுப்பவை. மலைப்பாதையில் விலை பெறுவதற்கு நான்கு சக்கர இழுவை கட்டாயம் என்பதில்லை. தாழ்ந்த கியரும் தரையிலிருந்து உயர்ந்த வயிறும், எங்கே நின்றாலும் பழுது பார்க்கக் கிடைக்கும் ஓர் ஆளும் போதும்.

மேலே சொன்ன நீட்சியின் பொருள் இப்போது விளங்கும். ஒரே வடிவம் அரை நூற்றாண்டுக்கு மேல் தொடர்ந்ததால் உதிரிபாகம் கிடைக்காமல் போகவில்லை. ஒரு தலைமுறை மெக்கானிக் கற்ற கைவேலை அடுத்த தலைமுறைக்கும் செல்லுபடியாயிற்று. கிடைக்காத பாகத்தை லேத் பட்டறையில் கடைந்துகொள்ள முடிந்தது. ஆகவே, பழைய ஜீப்புக்குக் கொடுக்கும் விலையில் ஒரு பங்கு அந்த வண்டிக்கு. மறுபங்கு அதைச் சுற்றியுள்ள பட்டறைகளின் அறிவுக்கு. டார்ஜிலிங் மலையில் மானேபஞ்சனிலிருந்து சந்தக்பூ சிகரத்துக்கு, ஆங்கிலேயத் தோட்ட முதலாளிகள் காலத்து லேண்ட் ரோவர்கள் இன்றும் ஏறிக்கொண்டிருப்பதற்கும் இதுவே காரணம்.

மாட்டோடு ஒப்பிடும்போது ஒரு வேற்றுமையும் உண்டு. கடைசிப் பல் முளைத்த காளைக்கு அதற்குப் பிறகு இறங்குமுகம்தான். ஜீப்புக்குப் பல்லைத் திரும்பக் கட்டலாம். நகை, நிலம் என்ற வரிசையில் மலையடிக் குடும்பமொன்றுக்கு ஜீப்பும் ஒரு சேமிப்பாக ஆனது இப்படித்தான். மகளின் திருமணத்துக்கோ மருத்துவச் செலவுக்கோ விற்றால் ஒரு தொகை தேறும் என்ற நம்பிக்கை அந்த இரும்புக்குள் இருக்கிறது. வண்டி ஓடாத காலங்களில் இந்த நம்பிக்கை சோதிக்கப்பட்டது. 2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு விவகாரம் கொதித்து எல்லைச் சாலைகள் அடைபட்டபோதும், 2020-இல் கொரோனா முடக்கத்தின்போதும் தோட்ட ஜீப்புகள் நின்றன. சம்பாதிக்காமல் நிற்கும் வண்டி சேமிப்பாக இருக்க முடியாது என்பதை அந்த மாதங்கள் காட்டின.

காகிதத்தின் ஆயுள்

இரும்புக்கு இரண்டாம் மூன்றாம் ஆயுள் உண்டு, ஆர்.சி. புத்தகத்துக்கு அத்தனை ஆயுள் இல்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். இதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் இலகுரக வண்டிக்கு 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 20 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆயிற்று. 2023 ஏப்ரல் 1 முதல் 15 ஆண்டு கடந்த அரசு வண்டிகளின் பதிவு இரத்தாகிறது. அவை ஓட்டத்துக்கு விற்கப்படாமல் உடைப்பதற்கே போக வேண்டும். நாம் முன்பு பார்த்த இரண்டாவது ஏலத்தின் வாயில் அத்தோடு ஏறத்தாழ அடைபட்டது.

இன்னொரு கதவு 2019 ஜனவரியில் மூடியது. உற்பத்தியாளர் வகுத்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்று, கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாற்றிய இஞ்சின், நீட்டிய பின்கட்டு, கூட்டிய இருக்கை இவையெல்லாம் மலைக்கு வேண்டிய திருத்தங்கள். புத்தகத்தில் ஏறாதவரை சட்டத்தின் முன் குற்றங்கள். சட்டத்தின் பக்கமும் நியாயம் உண்டு. அளவுக்கு மீறி ஆளேற்றிய தோட்ட ஜீப்புகள் மலைவளைவுகளில் கவிழ்ந்து கூலிப்பெண்கள் மாண்ட செய்திகளைத் தேனி மாவட்டம் பலமுறை கண்டிருக்கிறது. சொந்த உபயோகப் பதிவில் உள்ள வண்டி கூலிக்கு ஆளேற்றும்போது விபத்து நேர்ந்தால் இழப்பீடே சிக்கலாகிவிடும். விலை பேசும்போது சேஸிஸுக்கு அடுத்தபடியாகப் புத்தகத்தைக் கேட்பது இதனால்தான். ஒரே ஆண்டில் செய்த இரு வண்டிகளுள் காகிதம் சுத்தமான வண்டிக்கு ஒரு விலை, காகிதம் செத்த வண்டிக்கு இன்னொரு விலை. பின்னது மலைக்கு மேலேயே ஓடி மலையிலேயே முடியும்.

இதற்கு மாறான ஓட்டமும் உண்டு. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளை டில்லி வட்டாரத்தில் தடைசெய்தது. 2018-இல் உச்சநீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அங்கே கழிக்க வேண்டியவை தடையில்லாச் சான்றோடு வேறு மாநிலங்களுக்கு விற்பனைக்குப் போயின. தலைநகரில் குப்பையாவது இன்னோர் ஊரில் பிழைப்பாகும். விலை வண்டிக்குள் மட்டும் இருப்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இரண்டு வாடிக்கையாளர்கள்

அண்மைக் காலத்தில் பழைய ஜீப்புக்கு வேறொரு வாடிக்கையாளர் வந்திருக்கிறார். அவருக்கு மலையில் வேலை இல்லை. மலைமீது ஆசை இருக்கிறது. 2010-இல் வந்த தார், 2020 அக்டோபரில் புதுவடிவம் பெற்றபோது அதன் முதல் வண்டி நற்பணி நிதிக்காக ஏலம் விடப்பட்டு 1.11 கோடி ரூபாய்க்குப் போயிற்று. 1985-இல் அறிமுகமான மாருதி ஜிப்ஸியின் பொது விற்பனை 2019-ஐ ஒட்டி நின்றதும் பழைய ஜிப்ஸிகளைத் தேடி அலைகிறவர்கள் பெருகினார்கள். 2016 ஜனவரியில் லேண்ட் ரோவர் டிஃபெண்டரின் பழைய வடிவம் நின்றபோது உலகளவில் நடந்ததும் இதுவே. நகரத்து ஆர்வலர் கேட்பது பழைய முகம், பழைய முகப்புக் கம்பி, ஆலையிலிருந்து வந்தபடியே மாறாத உடல். மலைக்காரர் தம் பிழைப்புக்காகச் செய்த ஒவ்வொரு திருத்தமும் அவர் கண்ணில் குறை.

சுற்றுலா இவ்விருவருக்கும் நடுவே நிற்கிறது. கொழுக்குமலை தேனி மாவட்ட எல்லைக்குள் இருக்கிறது. ஆனால் வண்டிப்பாதை கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்து மட்டுமே. சூரிய உதயம் காண வருகிறவர்களை இருட்டோடு ஏற்றிச் செல்கின்றன ஜீப்புகள். தோட்டக்கூலி கொடுக்காத வாடகையைச் சூரியோதயம் கொடுக்கிறது. ஆகவே அங்கே ஜீப்பின் விலையும் நிற்கிறது. மயிலாடும்பாறைப் பக்கத்து மலைக்கிராமங்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலைப் புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்ட பிறகு காட்டுக்குள் சாலையும் போக்குவரத்தும் முன்னிலும் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டன.

இப்போது நம் கேள்விக்குத் திரும்பலாம். மலையடியில் பழைய ஜீப்பின் விலையைத் தாங்கி நிற்பது முதன்மையாகச் சாலை இல்லாமை. பட்டறையும் காகிதமும் ஆசையும் அதற்குப் பின்னால் வருகிறவை. அரசரடிக்கும் பொம்மராஜபுரத்துக்கும் நல்ல சாலை போட்டுச் சிற்றுந்து விட்டால், மலையேறும் ஜீப்புக்கு இன்றுள்ள மதிப்பு மெல்லச் சரியும். ஜீப் வைத்திருக்கும் குடும்பமும் அந்தச் சாலையைத்தான் கேட்கிறது. தன் சேமிப்பு குறையும் என்று தெரிந்தாலும் டோலியில் பிணி சுமப்பதைக் காட்டிலும் அது மேல் என்று அதற்குத் தெரியும்.

அச்சம் வேறிடத்தில் இருக்கிறது. சாலை வருவதற்கு முன்பே ஜீப் போய்விடலாம். கழிவு ஏலம் நின்றுவிட்டது. புதுப்பிக்கும் கட்டணம் ஏறுகிறது. காகிதம் சுத்தமான நல்ல வண்டியை நகரத்து ஆர்வலர் மலைக்காரரால் எட்ட முடியாத விலைக்குக் கொண்டுபோகிறார். புதிய தாரின் பின்னிருக்கையில் இரண்டு பேர் உட்காரலாம். இலவங்காய் மூட்டைக்கு இடமில்லை. காப்பீட்டு அட்டவணை ஐந்தாம் ஆண்டோடு பேச்சை நிறுத்திக்கொள்கிறது. அதற்குப் பிறகு மலைமேல் இருப்பவர்களும் கீழே இருப்பவர்களும் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியது வண்டியின் விலையை மட்டுமன்று.